மூன்று இரவு விடுபட்ட வயிற்று ஊசி: தொடை எலும்பு முறிவோடு கொரோனாவும் சேர்ந்த ஒருவரின் கதை

2021 மே மாதம். 10ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கவில்லை. சாலையில் பால் வண்டியும் ஆம்புலன்சும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பால் வண்டி ஒன்றில் வந்தவர்தான் இந்த நோயாளி. 46 வயது, 88 கிலோ எடை. சொசைட்டிக்கு கேனில் பால் எடுத்துப்போகிறவர். விடிவதற்கு முன்னால் ஒரு மினி லாரி அவருடைய பைக்கை இடப்பக்கமாக இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவமனையின் பெயரையும் எழுதவில்லை. தவறு நடந்தது எங்கள் கையில். அதை மட்டும் மாற்றாமல் எழுதுகிறேன்.

வந்தபோது நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 96/60. இடது தொடை எலும்பு நடுவில் முறிந்திருந்தது, தோல் கிழியவில்லை. இடப்பக்கம் இரண்டு விலா எலும்புகளில் முறிவு. சிடி ஸ்கேனில் மண்ணீரலில் ஒரு சிறிய கிழிசல், அதைச் சுற்றிக் கொஞ்சம் ரத்தம். தலையில் அடி இல்லை. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினோம். டிரானெக்ஸாமிக் அமிலமும் கொடுத்தோம். அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் ஏற்படும் மரணத்தை அது குறைக்கும் என்று 20,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட கிராஷ்-2 ஆய்வின் முடிவுகள் 2011இலேயே காட்டிவிட்டன. மதியத்துக்குள் நாடி இறங்கியது. மண்ணீரலுக்கு அறுவை வேண்டாம், கவனித்துப் பார்க்கலாம் என்று அறுவைப் பிரிவில் முடிவெடுத்தார்கள்.

அன்று மாலை ஆர்டி-பிசிஆர் முடிவு வந்தது. பாசிட்டிவ். கேட்டபோது, இரண்டு நாளாக லேசான இருமல் இருந்தது, பால் எடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை என்றார். நுரையீரலில் அங்கங்கே மங்கலான சில திட்டுகள். ஆக்சிஜன் அளவு 96. கொரோனாவைப் பொறுத்தவரை அது லேசான நோய்தான்.

முழங்காலுக்குக் கீழே கம்பி போட்டு, 9 கிலோ வெயிட் கட்டி, முறிந்த எலும்பை இழுத்துப் பிடிக்கும் டிராக்ஷனில் வைத்தோம். மறுநாள் கொரோனா பிளாக்குக்கு மாற்றினார்கள். அந்த நிமிடத்திலிருந்து அவர் யாருடைய நோயாளி என்பது தெளிவில்லாமல் போனது. முறிந்த காலைப் பார்க்க எலும்புப் பிரிவினரான நாங்கள் தினம் ஒரு தடவை கவச உடை போட்டுக்கொண்டு போவோம். மூச்சைப் பார்ப்பது பொது மருத்துவப் பிரிவு. வயிற்றைப் பார்ப்பது அறுவைப் பிரிவு. கேஸ் ஷீட்டோ பிளாக்கை விட்டு வெளியே வராது. அதிலுள்ள குறிப்புகளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள்.

இந்த உடம்புக்குள் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ரத்தக்குழாய்க்குள் ரத்தம் கட்டிக்கொள்ள மூன்று காரணங்கள் உண்டு என்று மருத்துவக் கல்லூரியில் எல்லோரும் படிக்கிறோம். ரத்தம் ஓடாமல் தேங்குவது, குழாயின் உள்சுவர் காயப்படுவது, ரத்தமே எளிதில் உறையும் குணத்துக்கு மாறுவது. 1856இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ எழுதியவற்றிலிருந்து வந்த பாடம் இது. பெரிய விபத்தில் அடிபட்டவரிடம் மூன்றுமே இருக்கும். கால் அசையாது. முறிந்த இடத்தில் திசுக்கள் நசுங்கிக் கிடக்கும். முதல் சில மணி நேரம் ரத்தம் உறையத் திணறும், அப்புறம் ஓரிரு நாளில் நிலைமை தலைகீழாகி அளவுக்கு மேல் உறையும்.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைக் கனடாவின் டொராண்டோவில் கீர்ட்ஸ் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தடுப்பு மருந்து எதுவும் தரப்படாத, பலத்த அடிபட்ட 349 பேரின் கால் சிரைகளில் சாயம் செலுத்திப் படமெடுத்தார்கள். 201 பேருக்கு, அதாவது 58 சதவீதத்தினருக்கு, ரத்தம் கட்டியிருந்தது. பெரும்பாலானோருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை. இரண்டு வருடம் கழித்து அதே குழுவினர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசிகளான சாதாரண ஹெப்பாரினையும் எனாக்ஸபாரினையும் ஒப்பிட்டபோது, முதலாவதில் 44 சதவீதமும் இரண்டாவதில் 31 சதவீதமும் வந்தது. ஊசி போட்டும் 31. இந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து, ‘ஊசி போட்டாச்சு, இனி கவலை இல்லை’ என்ற வார்த்தை என் வாயில் வந்ததில்லை.

வைரஸும் அதே மூன்று காரணங்களின் மேலேயே ஏறி உட்காருகிறது. தொற்று ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அழற்சியால் ஃபைப்ரினோஜன், எட்டாவது உறைகாரணி, வான் வில்லிபிராண்ட் காரணி என ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்கள் எல்லாம் உயர்கின்றன. வெள்ளை அணுக்கள் கிருமியைப் பிடிக்க வீசும் வலையில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சிக்கிக்கொள்கின்றன. 2020இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கொரோனாவில் இறந்த 12 பேரை உடற்கூறாய்வு செய்தபோது, 7 பேரின் கால் சிரைகளில் யாரும் சந்தேகிக்காத ரத்தக்கட்டி இருந்தது. 4 பேர் இறந்ததே அது நுரையீரலுக்குப் போனதால்தான். 12க்கு 7 என்றால் இதுவும் 58 சதவீதம். டொராண்டோ எண்ணோடு இது பொருந்துவது தற்செயல். 12 பேரை வைத்துச் சதவீதம் பேசக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் எங்கள் ஆளுக்கு இந்த இரண்டு நோயும் ஒன்றாக இருந்தன.

பாடப் புத்தகத்தில் இல்லாத காரணங்களும் சேர்ந்துகொண்டன. சாதாரண வார்டில் ஒருவர் டிராக்ஷனில் கிடந்தால் மனைவியோ மகளோ பக்கத்தில் இருப்பார்கள். தண்ணீர் கொடுப்பார்கள், பாதத்தை அசைத்துவிடுவார்கள், முதுகைத் துடைப்பார்கள். கொரோனா பிளாக்கில் உறவினருக்கு அனுமதி இல்லை. இவர் தண்ணீரே குடிக்கவில்லை. பெட்பேன் வைக்க ஆளைக் கூப்பிட வேண்டுமே என்ற கூச்சம். நாலாம் நாள் அவருடைய சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்ததைப் பார்த்து, “தண்ணி குடிங்கண்ணே” என்று சொல்லிவிட்டு நானும் வந்துவிட்டேன். ஏன் குடிக்கவில்லை என்று கேட்கவில்லை.

சரி, ஊசிக்கு வருவோம். மண்ணீரல் கிழிந்திருப்பவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை உடனே கொடுக்க யாருக்கும் கை வராது. ஆனால் கிழிசல் சிறியது, ஹீமோகுளோபின் இறங்கவில்லை என்றால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடலாம். இரண்டாம் நாள் இரவு மறுபடி வயிற்றை ஸ்கேன் பார்த்துவிட்டு, எனாக்ஸபாரின் 40 மில்லிகிராம் ஆரம்பித்தோம். தினம் ஒரு வேளை, இரவு 9 மணிக்கு. நோயாளிகள் இதை வயிற்று ஊசி என்பார்கள். தொப்புளைச் சுற்றிப் போடுவதால் தோல் நீலம் பாரித்துவிடும். அதற்குப் பயந்து வேண்டாமென்று கையைத் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. இவர் மறுக்கவில்லை. 88 கிலோ எடைக்கும் விபத்துக் காயத்துக்கும் அந்த அளவு போதுமா என்று இப்போது கேட்டால், போதாது என்பேன். விபத்து நோயாளிகளுக்கு இரண்டு வேளையாகக் கொடுப்பதைத்தான் வெளிநாட்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நாங்கள் பொது வார்டுப் பழக்கத்தில் ஒரு வேளை எழுதினோம்.

இரண்டாம், மூன்றாம், நாலாம் இரவுகள் ஊசி போடப்பட்டது. ஆறாம் நாள் காலை தொடைக்கு ராடு வைக்க நாள் குறித்தோம். முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடுவதற்கு 12 மணி நேரம் முன்பே எனாக்ஸபாரினை நிறுத்த வேண்டும். அதனால் ஐந்தாம் நாள் மாலை கேஸ் ஷீட்டில் ‘ஹோல்ட்’ என்று எழுதியது என் கையெழுத்து. ஆறாம் நாள் காலை தியேட்டர் ஊழியர் இருவருக்குப் பாசிட்டிவ் வந்து தியேட்டரை மூடினார்கள். அறுவை தள்ளிப்போனது. ‘ஹோல்ட்’ அப்படியே நின்றது. நாங்கள் பொது மருத்துவப் பிரிவு மறுபடி எழுதியிருக்கும் என்று நினைத்தோம். அவர்கள், எலும்புப் பிரிவு நிறுத்தச் சொன்னதை நாம் எப்படி மாற்றுவது என்று விட்டுவிட்டார்கள். வார்டு சிஸ்டர் இரவு 9 மணிக்கு மருந்துத் தாளைப் பார்த்து, எழுதியிருந்தபடி ஊசி போடாமல் விட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று மூன்று இரவுகள் போயின.

எட்டாம் நாள் காலை 7 மணிக்குக் கூப்பிட்டார்கள். கட்டிலில் எழுந்து உட்காரப் பார்க்கிறார், முடியவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. “வெயிட்ட கொஞ்சம் இறக்கி வைங்க சார், மூச்சு முட்டுது” என்றார். காலில் தொங்கும் எடைதான் நெஞ்சை இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நாடி 124, ஆக்சிஜன் 86, ரத்த அழுத்தம் 108/70. முந்தைய நாள் இரவு ஆக்சிஜன் 95 இருந்தது.

அந்த மாதம் இப்படியொரு காட்சியைப் பார்க்கிற எல்லோர் மனதிலும் ஒரே பதில்தான் வரும். இருமல் தொடங்கிப் பத்தாவது நாள், கொரோனா நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. ஆக்சிஜனை நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்கினார்கள், டெக்ஸாமெத்தசோன் தொடங்கினார்கள். குப்புறப் படுக்க வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார், டிராக்ஷனில் அது முடியாது. இரண்டு மணி நேரம் இப்படிப் போனது. விலா எலும்பு முறிந்தவர் என்பதால் நெஞ்சில் காற்றுக் கசிவு இருக்குமோ என்று எக்ஸ்ரே எடுத்தார்கள், இல்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் முதல் நாள் இருந்ததைவிடப் பெரிதாக மோசமாகவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். ஆக்சிஜன் இவ்வளவு இறங்கியிருக்க, படம் இவ்வளவு சுத்தமாக இருந்தால் கோளாறு காற்றுப் பைகளில் இல்லை, ரத்தக்குழாயில். எலும்பு மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து அடைத்துவிடும் நிலையும் நினைவுக்கு வந்தது. ஆனால் அது பெரும்பாலும் முறிவு ஏற்பட்டு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வரும், புத்தி தடுமாறும், நெஞ்சிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள் தெரியும். இவர் தெளிவாகப் பேசினார். புள்ளியும் இல்லை.

விடையைக் கண்டுபிடித்தது சிஸ்டர்தான். இவர் வலது கணுக்காலில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தார். “சார், மூணு நாளைக்கு முன்னாடி இந்தக் கயித்துக்குள்ள விரல் போகும். இப்ப சதைக்குள்ள புதைஞ்சு கெடக்கு” என்றார். நாங்கள் தினமும் வந்து பார்த்ததெல்லாம் முறிந்த இடது காலை. அது வீங்கத்தான் செய்யும். அடிபடாத வலது கால் மேல் போர்த்திய போர்வையை யாரும் விலக்கவில்லை. கெண்டைக்கால் கல் மாதிரி இருந்தது. டேப் வைத்துச் சுற்றளவு பார்த்த நாட்கள் கேஸ் ஷீட்டில் ஒன்றுகூட இல்லை.

மயக்க மருத்துவர் படுக்கையிலேயே எக்கோ பார்த்தார். இதயத்தின் வலது கீழறை விரிந்து, நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. ஸ்கேன் கருவியை வலது தொடை இடுக்கில் வைத்து அழுத்தியபோது சிரை அமுங்கவில்லை, உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. முழங்காலுக்குப் பின்னாலும் அதேதான். வெயிட்டை எடுத்து, காலைத் தாங்கும் சட்டமான தாமஸ் ஸ்பிளின்டில் கட்டி, சாயம் செலுத்தி சிடி எடுக்க அழைத்துப்போனோம். நுரையீரலின் வலது பெருந்தமனியிலும், இடது கீழ்மடலுக்குப் போகும் கிளையிலும் ரத்தக்கட்டி. இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் டிரோபோனின் ரத்தத்தில் உயர்ந்திருந்தது.

ரத்தக்கட்டி கரையும்போது உயரும் டி-டைமரை ஏன் முன்பே பார்க்கவில்லை என்று ஒரு பயிற்சி மருத்துவர் கேட்டார். நல்ல கேள்வி. பார்த்திருந்தோம், முதல் நாளே பலமடங்கு அதிகம். தொடை எலும்பு முறிந்தவருக்கும் கொரோனா வந்தவருக்கும் அது உயர்ந்துதான் இருக்கும். குறைவாக இருந்தால் நிம்மதி தரும் பரிசோதனை அது. எப்போதும் உயர்ந்தே இருக்கும் இடத்தில் அது நமக்கு எதையும் சொல்வதில்லை.

இனி சிகிச்சை. கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் மண்ணீரல் மறுபடி கசியலாம், தொடைக்குள் ரத்தம் கொட்டலாம். ரத்த அழுத்தம் விழாமல் இருந்ததால் அந்த முடிவைத் தள்ளிவைக்க முடிந்தது. எனாக்ஸபாரினையும் முழு அளவில் போடத் தயங்கினோம். போட்டுவிட்டால் பல மணி நேரம் உடம்பில் நிற்கும், ஹெப்பாரினை முறிக்கும் மருந்தான புரோட்டமைன் அதை முழுதாக முறிக்காது. பழைய ஹெப்பாரினைச் சொட்டாக ஏற்றினோம். நிறுத்தினால் சில மணி நேரத்தில் வடிந்துவிடும், அவசரமென்றால் முறிக்கவும் முடியும். முதலில் ஒரேயடியாகத் தரும் அளவைப் பாதியாகக் குறைத்தோம். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஏபிடிடி பரிசோதனையை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தோம். முதல் நாள் முழுக்க எவ்வளவு ஏற்றினாலும் அது குறித்த எல்லைக்கு வரவில்லை. எட்டாவது காரணி எகிறிக் கிடக்கும் அழற்சியில் இது அடிக்கடி நடக்கும். மருந்து வேலை செய்தும் பரிசோதனையில் தெரியாமலிருக்கலாம். அதைத் தெளிவாக்கும் ஆன்டி-டென்-ஏ பரிசோதனை எங்களிடம் இல்லை. மறுநாள் மதியம்தான் எல்லைக்குள் வந்தது. தினம் இரண்டு வேளை ஹீமோகுளோபின், வயிறு ஸ்கேன், ஒன்று விட்டு ஒரு நாள் தட்டணு எண்ணிக்கை. ஹெப்பாரினே தட்டணுக்களைக் குறைத்து, கூடவே ரத்தம் கட்டவும் வைக்கும் ஓர் எதிர்வினை உண்டு. ஹெப்பாரின் தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் அது தலைகாட்டும். இவருக்கு வரவில்லை. நாலு நாளில் ஆக்சிஜன் 2 லிட்டருக்கு இறங்கியது.

தொடை அப்படியே கிடந்தது. நுரையீரலில் கட்டி வந்து ஒரு மாதத்துக்குள் மருந்தை நிறுத்தி அறுவை செய்தால், அந்த இடைவெளியில் காலில் மிச்சமிருப்பது மேலே வரலாம். அறுவை இல்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் டிராக்ஷனில் போட்டால் அந்தப் படுக்கையே அடுத்த கட்டியை உண்டாக்கும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி, பெருஞ்சிரையில், காலிலிருந்து மேலேறும் கட்டியைத் தடுக்கும், பிறகு எடுத்துவிடக்கூடிய வடிகட்டி ஒன்றை வைக்கச் சொன்னோம். எங்களுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை. வடிகட்டி காலிலுள்ள கட்டியைக் கரைக்காது, எடுக்க மறந்தால் அதுவே தொல்லை. ஆனால் இப்படிக் கொஞ்ச நேரமாவது மருந்தை நிறுத்தியே ஆக வேண்டிய இடத்துக்கு அது பொருந்தும் என்பது என் முடிவு. பதினேழாம் நாள் ராடு வைத்தார்கள். ஹெப்பாரினை ஆறு மணி நேரம் முன்னால் நிறுத்தி, அறுவை முடிந்து 12 மணி நேரத்தில் மறுபடி தொடங்கினார்கள்.

இந்த நோயாளியைப் பற்றிப் பேசும்போது சக மருத்துவர்கள் பெரும்பாலும் மருந்தின் அளவையே பேசுவார்கள். கொரோனாவில் முழு அளவு ஹெப்பாரின் கொடுத்திருக்கலாமே என்பார்கள். அதை ஆராய்ந்து பார்த்தாயிற்று. 2021 ஆகஸ்டில் வெளிவந்த பெரிய கூட்டு ஆய்வுகளில், ஐசியூ அளவுக்கு மோசமாகாத நோயாளிகளில் முழு அளவு கொடுத்தவர்களில் 80.2 சதவீதம் பேர் வென்டிலேட்டர் போன்ற துணை இல்லாமல் வீடு திரும்பினார்கள், வழக்கமான அளவில் 76.4 சதவீதம். ஐசியூவில் இருந்தவர்களுக்கோ பலனே இல்லை, பெரிய ரத்தப்போக்கு கொஞ்சம் கூடியது. அந்த ஆய்வுகளில் ரத்தப்போக்கு அபாயம் அதிகமுள்ளவர்களைச் சேர்க்கவில்லை. மண்ணீரல் கிழிந்த எங்கள் ஆளுக்கு அதிலிருந்து பதில் எடுக்க முடியாது. எலும்பு முறிவுக்கு ஆஸ்பிரினே போதாதா என்றும் கேட்பார்கள். 2023இல் வந்த பிரிவென்ட் கிளாட் ஆய்வில் 12,211 பேரிடம் ஆஸ்பிரினும் எனாக்ஸபாரினும் ஒப்பிடப்பட்டன. மரணத்தில் வித்தியாசம் இல்லை. கால் சிரைக் கட்டி மட்டும் ஆஸ்பிரினில் 2.51 சதவீதம், மற்றதில் 1.71. வைரஸ் தொற்று உள்ளவர்களுக்காக நடத்தப்பட்ட ஆய்வு அல்ல அது.

தொற்றோடு அறுவைக்குப் போகிறவர்களின் நிலையை ஓரளவு காட்டுவது, 2020 அக்டோபரில் 115 நாடுகளில் 1,28,000 பேருக்கு மேல் கவனித்த கோவிட்சர்ஜ் ஆய்வு. தொற்று இல்லாதவர்களில் 0.5 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டி வந்தது. அறுவையை ஒட்டித் தொற்று இருந்தவர்களில் 2.2 சதவீதம். எண் சிறியது போலத் தோன்றும். ஆனால் தொற்றும் கட்டியும் சேர்ந்து வந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள்.

என்னைத் தூங்கவிடாதது வேறொரு சின்ன ஆய்வு. விபத்து, அறுவைப் பிரிவுகளில் இருந்த 202 பேரிடம் எனாக்ஸபாரின் ஒரு வேளையாவது விடுபட்டதா என்று மட்டும் பார்த்தார்கள். விடுபட்டவர்களில் 23.5 சதவீதம் பேருக்குக் காலில் ரத்தம் கட்டியது. விடுபடாதவர்களில் 4.8. அறுவைக்காக நிறுத்தி வைக்கும்போதும் வேளைகள் விடுபடும். அவருக்கு 40 போதுமா 60 வேண்டுமா என்று நாங்கள் வாட்ஸ்அப்பில் விவாதித்த நாட்களில் உண்மையில் அவர் உடம்பில் போனது பூஜ்யம்.

இதையெல்லாம் எல்லா வைரஸுக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஐப்பசி மழையில் டெங்குவோடு எலும்பு முறிந்து வருகிறவருக்குத் தட்டணுக்கள் சரிந்துகொண்டிருக்கும். அவருக்கு வயிற்று ஊசி போட்டால் ரத்தம் கசியும். அவருக்குத் தண்ணீர், கணுக்கால் அசைவு, காலை மாறி மாறி அழுத்தும் காற்றுப் பட்டை, தட்டணு ஏறத் தொடங்கியதும் ஊசி. இன்ஃப்ளுயன்சா கொரோனாப் பக்கம் சாய்கிறது, ஆனால் அந்த வேகத்தில் இல்லை. இறந்தவர்களின் நுரையீரல்களை ஒப்பிட்ட 2020 ஆய்வில், நுண்குழாய்களில் இருந்த நுண்கட்டிகள் இன்ஃப்ளுயன்சாவைவிடக் கொரோனாவில் 9 மடங்கு.

அந்த ஜூனிலிருந்து எங்கள் பிரிவில் ‘ஹோல்ட்’ என்று மட்டும் எழுத அனுமதி இல்லை. எந்த வேளையை நிறுத்துகிறோம், எந்த வேளையில் மறுபடி போட வேண்டும் என்று ஒரே வரியில் எழுத வேண்டும். அறுவை ரத்தானால் அன்று இரவே ஊசி தானாகத் தொடரும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. நோயாளி எந்த பிளாக்கில் இருந்தாலும் அந்த ஊசி எலும்புப் பிரிவின் பொறுப்பு. காலையில் இரண்டு கால்களின் போர்வையையும் விலக்கிப் பார்த்து, கெண்டைக்கால் சுற்றளவைக் குறிக்க வேண்டும். முறியாத காலிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

எட்டாம் வாரம் வடிகட்டியை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டார். எலும்பு கூடிவிட்டது. அவருடைய மனைவியிடம் மூன்று இரவுகளைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப உள்ள வந்து கூட இருக்க விட்டிருந்தா நான் கேட்டிருப்பேனே சார், ஏன் இன்னிக்கு ஊசி போடலைன்னு” என்றார். வலது கால் இன்னும் சாயங்காலமானால் வீங்குகிறது. சிரையின் வால்வுகள் கெட்டுப்போனதால் வருகிற வீக்கம், முழுதாகப் போகாது. அழுத்தக் காலுறை போட்டுக்கொண்டுதான் விடியற்காலையில் பால் எடுக்கப் போகிறார். கயிற்றை இப்போது கையில் கட்டியிருக்கிறார்.